கழுத்துல போடுற கயிறு அறுந்தே ஆகணும்!

டிஸ்கி: நான் மலையேற்ற நிபுணன் இல்லை. பி.காம். மூன்றாம் ஆண்டு. வருஷத்துக்கு ரெண்டு தடவை நண்பர்களோடு மலைக்குப் போகிற சாதாரண ஆசாமி. "கணக்கு எழுதுறவனுக்குக் கயித்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள். ஏனென்றால் இது கணக்கு சமாச்சாரமும்தான்.

விஷயம் இதுதான். மலையேற்றத்துக்குப் பொருள் விற்கிற எந்தக் கடையிலும், எந்த ஆன்லைன் தளத்திலும் "சர்வைவல் நெக் லேன்யார்ட்" என்று ஒன்றைப் பார்க்கலாம். கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்ள ஒரு கயிறு. அதன் முனையில் விசில், சின்ன டார்ச், நெருப்புப் பொறி கிளப்பும் குச்சி, சில சமயம் உறையோடு ஒரு குட்டிக் கத்தி. பையைத் தொலைத்தாலும் இது உடம்பிலேயே இருக்கும், உயிர் பிழைக்க உதவும் என்பது வாதம். வாதத்தில் தப்பில்லை. ஆனால் அந்தக் கயிறு என்ன கயிறு என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "550 பாராகார்டு! 250 கிலோ தாங்கும்!"

ஏம்ப்பா, என் கழுத்தில் 250 கிலோ எதற்குத் தாங்கணும்?

பாராகார்டு என்பது பாராசூட் கயிறு. பாராசூட் துணியையும் அதில் தொங்குகிற ஆளையும் இணைக்கிற நைலான் கயிறு. 550 என்பது பவுண்டு கணக்கு, கிட்டத்தட்ட 250 கிலோ. உள்ளே ஏழெட்டு இழை, மேலே பின்னிய உறை, சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன். கொட்டாய் கட்ட, துணி காயப்போட, அறுந்த பை வாரைத் தைக்க, எல்லாவற்றுக்கும் அருமையான கயிறு. என் பையில் எப்பவும் பத்து மீட்டர் கிடக்கும். அதைக் குறை சொல்லவே இல்லை. ஆனால் அதை வட்டமாக முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டினால் அதற்குத் தமிழில் வேறு பெயர். சுருக்கு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வளையமாகத் தொங்கும் கயிற்றில் பாரத்தை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும் (பார்ட்னர்ஷிப் கணக்கு மாதிரி, சம பங்கு). ஆகவே 250 கிலோ கயிற்றை வளையமாக்கினால் அது 500 கிலோ வரை தாங்கப் பார்க்கும். முடிச்சில் பலம் குறையும் என்று கணிசமாகக் கழித்தாலும் ஆளைப்போல நாலு பேரைத் தாங்கும். இந்தப் பக்கம், தடயவியல் மருத்துவப் பாடப் புத்தகங்களில் கழுத்துச் சிரைகள் அடைபட சுமார் 2 கிலோ இழுவிசை போதும் என்று போட்டிருக்கும். ஆக, கழுத்து தாங்குவது ரெண்டு கிலோ, கயிறு தாங்குவது முன்னூறு நானூறு கிலோ. ரெண்டுக்கும் போட்டி வந்தால் எது முதலில் தோற்கும் என்று சொல்ல சி.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை.

"போட்டி ஏன் வருது? நான் உஷாரா நடப்பேன்" என்பார்கள். உஷாராக நடக்கிறவனுக்கு சர்வைவல் கிட் எதுக்கு என்று நான் திருப்பிக் கேட்கலாம், வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனவர்களுக்கு உண்ணிச்செடி தெரியும். பாதையின் ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வளர்ந்து, பின்னிப் பிணைந்து, சட்டையை ஆயிரம் இடத்தில் பிடித்து இழுக்கும். இறக்கத்தில் சறுக்கும்போது நம் கை தரையைத் தேடும், கண் காலைப் பார்க்கும், கழுத்தில் தொங்குகிற வளையம் மட்டும் தனியாக முன்னால் ஆடிக்கொண்டு போகும். ஒரு முறிந்த கிளையின் மொட்டை முனை போதும். உங்கள் எடை முழுவதும் கீழே போய்க்கொண்டிருக்கிறது, வளையம் மேலே நிற்கிறது. ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் இழுத்தால் இன்னும் மோசம். தண்ணீர் ஒரு தடவை வெட்டி இழுத்துவிட்டு விடாது, இழுத்துக்கொண்டே இருக்கும். அதுவும் தனியாகப் போனவர் என்றால் (சர்வைவல் கிட் தேவைப்படுவதே அப்போதுதானே) வந்து அவிழ்த்துவிட ஆளும் இல்லை.

இதெல்லாம் கற்பனைப் பயம் என்று நினைப்பவர்கள் இசடோரா டங்கன் கதையைத் தேடிப் பாருங்கள். புகழ்பெற்ற நடனக் கலைஞர். 1927 செப்டம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரில் திறந்த காரில் போகும்போது கழுத்தில் சுற்றியிருந்த நீளமான துணி சக்கரத்தில் மாட்டி இறந்துபோனார். அது பட்டுத் துணி. நான் பேசுவது பாராசூட் கயிறு. நம் ஊரில் பைக் பின்னால் உட்காரும் பெண்களிடம் "துப்பட்டாவை எடுத்துக் கட்டும்மா" என்று வழியில் போகிறவர்கூடக் கத்துகிறாரே, அது இதே விஷயம்தான். துப்பட்டாவுக்குத் தெரிந்த நியாயம் லேன்யார்டுக்கு மட்டும் தெரியவில்லை.

கழுத்தில் போடுவது எதுவானாலும் இழுத்தால் கழன்றுவிட வேண்டும் என்பதை இந்த உலகம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அமெரிக்க சிப்பாய்கள் கழுத்தில் போடுகிற பெயர்த் தகட்டுச் சங்கிலியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், குட்டிக் குட்டி உருண்டை கோத்தது. பலமாக வெட்டி இழுத்தால் அதன் கொக்கி விட்டுவிடும். பூனைக் கழுத்துப் பட்டை விற்கிறார்களே, அதில்கூட நல்ல கம்பெனிக்காரன் இழுத்தால் பிரிகிற கொக்கிதான் வைக்கிறான், மரத்தில் ஏறும்போது மாட்டிக்கொண்டால் பூனை செத்துவிடக்கூடாதே என்று. பூனைக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா? :-)

அடுத்தது நம்ம திருப்பூர். காமர்ஸ் படிக்கிறவனுக்கு திருப்பூர் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அங்கே ஏற்றுமதிக்குக் குழந்தைகள் உடுப்பு தைக்கும் எந்த யூனிட்டிலும் மெர்ச்சண்டைசரிடம் கேட்டுப் பாருங்கள். ஐரோப்பாவுக்குப் போகிற சின்னக் குழந்தைகளின் சட்டையில் தலைமூடியிலோ கழுத்துப் பகுதியிலோ நாடா, கயிறு எதுவும் வைக்கக்கூடாது. ஈ.என். 14682 என்கிற தர விதி, 2004 இல் முதலில் வந்தது, பிறகு திருத்தினார்கள். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் கழுத்துப் பக்கம் நாடா கூடவே கூடாது. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996 இலேயே வழிகாட்டுதல் கொடுத்து, 2011 இல் அதைக் கட்டாய விதி அளவுக்குக் கொண்டுபோனது. காரணம் என்ன தெரியுமா? விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்தின் இடுக்கில் ஸ்வெட்டர் நாடா மாட்டி, குழந்தை சறுக்கிக் கீழே போக, நாடா மேலேயே நின்றுவிட்டது. அப்படிக் குழந்தைகள் இறந்த பிறகுதான் விதியே வந்தது. இடுப்பு நாடா பள்ளிப் பேருந்தின் கதவிலும் கைப்பிடியிலும் மாட்டிய சம்பவங்களும் அதே பட்டியலில் உண்டு.

அதாவது நம் ஊர் அக்காக்கள் தைக்கும் சட்டையில் ஒரு முழ நாடா இருந்தால்கூடச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவான் வெளிநாட்டுக்காரன். அதே ஊரில், அதே தெருவில், எல்.கே.ஜி. பிள்ளை கழுத்தில் நைலான் பட்டையில் அடையாள அட்டையை மாட்டி, "கழட்டுனா மிஸ் திட்டுவாங்க" என்று சொல்லி அதே மாதிரி சறுக்குமரத்துக்கு அனுப்புகிறோம். எனக்கு இதைவிடக் கோபம் வருகிற விஷயம் இந்தப் பதிவில் வேறு இல்லை.

சரி, மறுபடி மலைக்கு வருவோம். பாதுகாப்பான கழுத்துக் கயிறு எப்படி இருக்கணும்?

முதல் விஷயம், கயிறு பலமாக இருந்துவிட்டுப் போகட்டும், இணைப்பு பலவீனமாக இருக்கணும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. "பாராகார்டு பல வேலைக்கு ஆகும், அதான் கழுத்துல போடுறேன்" என்பவர்கள் தாராளமாகப் போடட்டும். ஆனால் வளையம் முடிச்சால் மூடக்கூடாது. இழுத்தால் பிரிகிற பிளாஸ்டிக் கிளிப்பால் மூடணும். கிளிப் பிடரிப் பக்கம் வரணும். முன்பக்கம் பொருள், பின்பக்கம் கிளிப்.

இங்கேதான் பெரிய ஏமாற்று ஒன்று நடக்கிறது, கவனமாகப் படியுங்கள். கடையில் "சேஃப்டி பக்கிள்" என்று ஒன்றைக் காட்டுவார்கள். முன்னால், நெஞ்சுப் பக்கம், ரெண்டு காதையும் அழுத்தினால் பிரிகிற பக்கிள். ஸ்கூல் பையில் இருக்குமே, அதே ஜாதி. அதை அழுத்தினால் விசில் தனியாக வந்துவிடும். ஆனால் கழுத்து வளையம் அப்படியே முழு வளையமாகக் கழுத்தில் இருக்கும்! அது விசிலைக் காப்பாற்றுகிற பக்கிள், கழுத்தைக் காப்பாற்றுகிறது இல்லை. அதோடு, அழுத்தினால்தான் பிரியும், இழுத்தால் பிரியாது. மூச்சு முட்டுகிற ஆள் ரெண்டு காதையும் தேடிப் பிடித்து அழுத்திக்கொண்டிருப்பானா? கழுத்து இறுகினால் சில விநாடிகளிலேயே நினைவு தப்பிவிடும். ஆகவே "பக்கிள் இருக்கா" என்று கேட்காதீர்கள். "வெட்டி இழுத்தா தானா பிரியுமா, வளையம் திறந்துக்குமா" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அடுத்த கடை.

இன்னொரு நுணுக்கம், நம்ம பார்ட்னர்ஷிப் கணக்குதான். கிளிப் தனியாக 2 கிலோ இழுவையில் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வளையத்தில் போட்டால், பாரம் ரெண்டு பக்கமும் பங்காவதால், வளையத்தில் 4 கிலோ தொங்கினால்தான் கிளிப்புக்கு 2 கிலோ போய்ச் சேரும். அட்டையில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பினால் நம் கழுத்துக்கு ரெட்டிப்பு பாரம். ஒரே கிளிப் என்றால் அது உடம்புக்கும் பைவாருக்கும் இடையில் நசுங்கி மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் நோயாளிகள் பிடித்து இழுக்கக்கூடிய இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மூன்று இடத்தில் பிரிகிற பட்டைகளே தனியாக விற்கிறார்கள். பிடரியில் ஒன்று, தோள் பக்கம் ரெண்டு. காட்டுக்கும் அதுதான் நல்லது.

சோதித்துப் பார்க்காமல் போடாதீர்கள். கழுத்தில் வைத்துச் சோதிக்கவே கூடாது, இதை அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன். வளையத்தை ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள், கிளிப் கம்பி மேல் உட்காராமல் ஒரு பக்கமாக இருக்கட்டும். கீழே காலி தண்ணீர் கேனைக் கட்டி லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கேன் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று லிட்டருக்குள் பிரியாவிட்டால் அதை நான் போட மாட்டேன். ரெண்டுக்குள் பிரிந்தால் சந்தோஷம். நனைத்து ஒரு தடவை, மண்ணைப் பூசி ஒரு தடவை பாருங்கள். பழைய கிளிப் சில சமயம் இறுகிப்போகும், சில சமயம் தளர்ந்துபோகும், ரெண்டும் நடக்கும்.

கிளிப் கிடைக்கவில்லையா? பூக்கட்டுகிற நூல் இருக்கிறதே, அது போதும். கயிற்றை முடிச்சுப் போடாமல் ரெண்டு முனையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பூ நூலால் ஓரிரு சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். அதே ஜன்னல் கம்பிச் சோதனை. தாங்குகிறது என்றால் ஒரு சுற்றைக் குறையுங்கள். முனையில் மணி, குண்டு, பெரிய முடிச்சு எதுவும் வேண்டாம். நூல் அறுந்த பிறகு கயிறு வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும், மணி கிளையில் மாட்டிக்கொண்டால் மறுபடி முதலில் இருந்து.

இங்கேதான் நிபுணர்கள் எழுந்து வருவார்கள். "தம்பி, அவ்வளவு லேசா அறுந்தா, ஆபத்துல கிட் தொலைஞ்சு போயிடுமே? உயிர் பிழைக்கத்தானே அது?"

நல்ல கேள்வி. கணக்குப்பதிவியலில் முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. வரக்கூடிய நட்டத்துக்கெல்லாம் முன்கூட்டியே ஒதுக்கி வை, கைக்கு வராத லாபத்தை எழுதாதே. இந்தப் பக்கம் நட்டம் என்ன? ஒரு விசில், ஒரு டார்ச். சில நூறு ரூபாய். அந்தப் பக்கம் நட்டம் என்ன? அதை ரூபாயில் எழுத எந்தப் பேரேட்டிலும் காலம் இல்லை. ரெண்டாவது, தொலையக்கூடாத பொருளைக் கழுத்தில் தொங்கவிடச் சொன்னது யார்? கத்தி, தீப்பெட்டி, மருந்து, போன் எல்லாம் இடுப்பிலோ, ஜிப் வைத்த பாக்கெட்டிலோ இருக்கட்டும். கழுத்துக்கு விசில் ஒன்று போதும், வேண்டுமானால் பட்டன் அளவு டார்ச். ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு தடவை ஊதினால் மலையில் அது ஆபத்துச் செய்தி. அதற்கு ஒரு விசில் போதும், அதன் எடை சில கிராம். பாரம் குறையக் குறைய இணைப்பையும் லேசாக வைக்கலாம், ஓடும்போது தானாகப் பிரிகிற தொல்லையும் இல்லை. கத்தியைக் கழுத்தில் தொங்கவிடுவது ஸ்டைல், அவ்வளவுதான். குப்புற விழுந்தால் நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடல் விஷயத்தில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். கப்பல்களின் உயிர்காப்பு அங்கியில் விசில் கட்டாயம், அது கயிற்றில் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் கட்டுவது அங்கியில், கழுத்தில் இல்லை. மலையேறுகிறவரும் விசிலைப் பையின் தோள்வாரில் கட்டிவிடலாம். வாய்க்கு எட்டும் தூரம்தான்.

நம் ஆட்களைப் பாருங்கள். பனையேறிகளைவிட உயரத்தில் ஆபத்தான வேலை செய்பவர் யார்? பாளை சீவுகிற அரிவாளை அவர் எங்கே வைத்திருக்கிறார்? இடுப்பின் பின்பக்கம் கட்டிய அருவாப்பெட்டியில். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பனையேறியை நான் பார்த்ததில்லை. எங்க அப்பத்தா சுருக்குப் பையை இடுப்பில் செருகியிருப்பாள், சாவியும் அங்கேதான். குழந்தைக்கு அரைஞாண் கயிறு அரையில்தான் கட்டினார்கள். சாமானைச் சுமக்க இடுப்புதான் இடம் என்று தெரிந்தவர்கள் நாம். டாக்டிக்கல் என்று ஒரு வார்த்தையை ஒட்டி, பச்சைக் கலர் அடித்து விற்றவுடன் கழுத்தை நீட்டிவிட்டோம்.

தொழிற்சாலை விஷயமும் இதே. எங்களுக்குத் தொழிற்சட்டத் தாளில் 1948 ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் இருந்தது (இப்போது அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, படித்தது வீண் போகவில்லை, ஹி ஹி). அதன் 22ஆம் பிரிவில், ஓடுகிற இயந்திரத்தின் அருகே வேலை செய்ய வேண்டியவர் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும், அந்த உடையை நிர்வாகம்தான் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. தொங்குகிற எதுவும் சக்கரத்துக்குத் தீனி என்று 1948 இலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

சட்டம் என்று வந்த பிறகு விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் விளையும் தீங்குக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. எப்படிப் பயன்படுத்த வேண்டும், எப்படிப் பயன்படுத்தினால் ஆபத்து என்ற எச்சரிக்கையைப் போதுமான அளவு கொடுக்காமல் விட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பாளிதான். 250 கிலோ தாங்கும் கயிற்றை வளையமாக்கி, கழுத்தில் போடு என்று படமும் போட்டு, கழுத்து இறுகலாம் என்று ஒரு வரிகூட எழுதாமல் விற்பவர்கள் அந்த அத்தியாயத்தை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்த பிறகு முதல் தடவை மலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் வாங்கப்போவதும் இந்தக் கயிறைத்தான்.

எங்கள் கல்லூரியிலும் (பெயர் வேண்டாம், டிகிரி வாங்கணும்) அடையாள அட்டைக்கு ஒரு அங்குல பாலியெஸ்டர் பட்டை, இரும்புக் கொக்கி. போடாவிட்டால் அபராதம். போட்டுக்கொண்டு பஸ் படிக்கட்டில் தொங்கினால் அபராதம் இல்லை. துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி நாலு பேர் கையெழுத்தோடு கொடுத்திருக்கிறோம். அடுத்த வருஷ ஆர்டரில் பிடரியில் பிரியும் கிளிப் போடச் சொல்லி. கிளிப்புக்கு எவ்வளவு கூடுதலாகும் என்று அவர் கேட்டார். மொத்தமாக வாங்கினால் ஒரு பட்டைக்குச் சில ரூபாய்தான் என்று சொன்னோம். விலைப்புள்ளி மூன்று வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார். ரெண்டு வந்துவிட்டது, மூன்றாவதுக்கு வியாழக்கிழமை போகிறோம். திருப்பூர், ஈரோடு பக்கம் இந்தக் கிளிப் மொத்தமாகக் கிடைக்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் மக்களே. அழுத்திப் பிரிக்கிற பக்கிள் வேண்டாம். இழுத்தால் பிரிகிறது மட்டும்.